தலசீமியா டெஸ்ட் பணப்பிடுங்கலா?

“குழந்தைக்கு முன் தலசீமியா டெஸ்ட் வெறும் பணப்பிடுங்கல், சொந்தத்தில் முடிக்காதவர்களுக்குத் தேவையே இல்லை” என்று கடலூர், புதுச்சேரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தகவல் தவறு. தலசீமியா என்பது இரத்தத்தில் ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோய்.

சொந்தத்தில் முடித்தால் ஆபத்து கூடும், சரி. ஆனால் அந்நியத்தில் முடித்தாலும் இருவரும் மரபணுக் கடத்திகளாக, அதாவது நோய் வெளியே தெரியாமல் அதன் மரபணுவைச் சுமப்பவர்களாக, இருக்கலாம். இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு.

செலவா? முதலில் ஒருவருக்கு மட்டும் இரத்த அணுப் பரிசோதனையும் ஹீமோகுளோபின் ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவும் பார்ப்பார்கள். அவர் கடத்தி என்றால்தான் துணைக்கு. கடுமையான தலசீமியா உள்ள பிள்ளைக்கோ இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். இரத்தம் இலவசமாகவே கிடைத்தாலும், பண்ருட்டியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் அம்மாவுக்கு அன்றைய கூலி போச்சு.

சந்தேகமென்றால் ஜிப்மரிலோ அரசு மருத்துவமனையிலோ மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.