ரொட்டிக்குள்ள கறி, அவ்வளவுதானே?

சனிக்கிழமை நான் ஒரு சீஸ் ஸ்டேக் படம் போட்டேன்; நீள ரொட்டிக்குள் மெல்லிசான மாட்டுக்கறியும் சீஸும் வைத்துத் தருவது அது. படத்துக்குக் கீழே கேலியும் கண்டனமுமாக ஆளாளுக்கு எழுதிய கூத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். எல்லாவற்றையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. "மசாலா எங்கே?" என்று கேட்ட அண்ணனுக்கு மட்டும் ஒன்று: மசாலா இல்லைதான். மசாலா இல்லாததெல்லாம் ருசியில்லாதது ஆகிவிடாது.

பிலடெல்பியாவில் ஆறு வருடமாக இருக்கிறேன். சில கடைகளில் ரிப்-ஐ எனும் மாட்டு விலாப்பகுதிக் கறியை மெல்லிசாகச் சீவி, கல்லில் போட்டுக் கொத்துவார்கள். அந்தச் சத்தத்துக்கு எனக்குக் கொத்து பரோட்டாக் கடைதான் ஞாபகம் வரும். சீஸ் ஸ்டேக் பிறந்த இடமாகச் சொல்லப்படுவது இங்கே இருக்கும் பேட்ஸ் என்ற கடை. 1930-இல் ஹாட் டாக் விற்றுக்கொண்டிருந்த பேட் ஒலிவியேரி, தன் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் கறியை வாட்ட, வாசனை பிடித்த டாக்சிக்காரர் எனக்கும் ஒன்று என்று கேட்டாராம். அப்போது அதில் சீஸே கிடையாது. மசாலா தேடும் அண்ணன், அன்று வந்திருந்தால் சீஸையும் தேடியிருப்பார்.

"அந்த மஞ்சள் பிசின் ஒரு சீஸா?" அதுவும் வந்தது. சீஸ் விஸ் டப்பாவில் வருவதுதான், மறைக்கவில்லை. பிடிக்காவிட்டால் ப்ரோவலோன் என்ற வேறு சீஸ் கேளுங்கள். 2003-இல் அமெரிக்க அதிபர் பதவிக்குப் போட்டியில் இருந்த ஜான் கெர்ரி, இங்கே வந்து வழக்கமில்லாத ஸ்விஸ் சீஸைக் கேட்டுக் கேலியை வாங்கிக் கட்டிக்கொண்டார். அதைவிடவா நம் அண்ணன் பெரிய ஆள்!

உடம்புக்கு ஆகாது என்கிறீர்களா? சரி, ஆகாது. அடுத்தது.

"அமெரிக்கா போனதும் மாறிட்டே." இதுதான் சுட்டது. நான் எங்கே மாறினேன்? ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மாட்டுக்கறி சுக்காதான். மிஞ்சியதைத் திங்கட்கிழமை டிபன் பாக்ஸில் வைக்கும்போதே அம்மா சொல்லிவிடுவாள், "கேட்டா மட்டன்னு சொல்லு." சொன்னேன். பத்தாவது வரை சொன்னேன். ருசித்துச் சாப்பிட்ட நண்பனிடம்கூட அதையேதான் சொன்னேன். மசாலா இருந்தது அண்ணே, அதில் நிறையவே இருந்தது. அப்போதும் மூடியைப் பாதிதான் திறந்து சாப்பிட்டேன்.

இங்கே கடை ஜன்னல் முன்னால் நின்று "விஸ் விட்" என்று கத்தினால் போதும். அதாவது சீஸ் விஸ், வெங்காயத்தோடு. பின்னால் நிற்பவருக்கு என் சாதி தெரியாது, அவருக்கு வரிசை நகர்ந்தால் சரி. "இதையெல்லாம் பொதுவில் போடணுமா" என்று கேட்டவர்களே, நீங்கள் பொங்கலுக்குப் போட்ட படத்துக்கு நான் ஒரு வார்த்தை சொன்னேனா?

எதற்கோ ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டேன். நேற்று அம்மா போன் செய்தாள். அவளும் படத்தைப் பார்த்துவிட்டாளாம்.

"ஊர்ல எல்லாரும் பாப்பாங்களே, மட்டன்னு போட்டிருக்கலாம்ல?"