அவன் கேட்டது ஒரே கேள்வி

நேற்று அந்த கிரிப்டோ டெலிகிராம் குரூப்பில் நடந்ததை ஸ்க்ரீன்ஷாட்டில் எல்லோரும் பார்த்தாயிற்று. "அண்ணா, போட்ட காசை எப்போ எடுக்கலாம்?" இதைக் கேட்ட பையனை ஆறே நிமிடத்தில் குரூப்பை விட்டே தூக்கிவிட்டார்கள். தூக்கியது அட்மின், சரி. கூட இருந்தவர்கள் வரிசையாக ராக்கெட் படம் போட்டுக் கொண்டாடினார்களே, எனக்கு எரிச்சல் அதில்தான்.

இந்த மாதிரி குரூப்பில் காசு போடுகிறவர்களைப் பேராசை என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறீர்கள். பேராசைக்காரன் பைசா பைசாவாகக் கணக்குப் பார்ப்பான். இவர்கள் கணக்குக் கேட்டவனை விரட்டுகிறார்கள்.

லூனா என்ற கிரிப்டோ காயின் ஞாபகம் இருக்கிறதா? அதன் ஜோடிக் காயின் யூஎஸ்டி, எப்போதும் ஒரு டாலர் மதிப்பில் நிற்கும் என்றார்கள். அதை ஆங்கர் என்ற டெபாசிட் தளத்தில் போட்டால் வருடத்துக்கு 20 சதவீதத்தை ஒட்டி வட்டி. அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் 'ஃபட்' கிளப்புகிறாய், அதாவது வேண்டுமென்றே பீதி பரப்புகிறாய் என்பார்கள். தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் லூனாட்டிக்ஸ், அதாவது பைத்தியங்கள், அதிலும் ஒரு பெருமை. 2021இல் குறை சொன்ன ஒரு பொருளாதார எழுத்தாளரிடம், ட்விட்டரில் ஏழைகளோடு விவாதிப்பதில்லை என்றார் லூனாவை உருவாக்கிய டோ குவோன். அதற்கும் கைதட்டல். தட்டியவர்களில் நானும் உண்டு.

2022 மே மாதம் யூஎஸ்டி அந்த ஒரு டாலரை விட்டு நழுவ நழுவ, அதை ஈடுகட்டப் புதுப்புது லூனா உருவாகிக்கொண்டே போனது. சுமார் 35 கோடி இருந்த லூனாக்களின் எண்ணிக்கை ஒரு வாரத்துக்குள் 6 லட்சம் கோடியைத் தாண்டியது. ஏப்ரலில் 119 டாலரைத் தொட்ட லூனா, ஒரு சென்ட்கூடப் பெறவில்லை. விலை பாதியானபோதே நான் விற்றிருக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு, வீட்டில் தெரியக்கூடாதென்று பாத்ரூமில் பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, மச்சினன் வண்டிக்குக் கொடுத்து வைத்திருந்த 40,000 ரூபாயையும் போட்டேன். ஏன் என்கிறீர்களா? அப்பாவுக்கு பைபாஸ் நடந்த அன்று சொந்தக்காரன் ஒருத்தன் கூப்பிடவில்லை, லூனா குரூப்பில் முகம் தெரியாத முப்பது பேர் விசாரித்தார்கள். விற்றால் அவர்களும் போய்விடுவார்கள் என்று பயம்.

"அப்போ பிட்காயினும் மோசடியா?" என்கிறார்கள். நான் சொன்னேனா? "ஷேர் மார்க்கெட்டில் இதெல்லாம் நடக்கவில்லையா, சீட்டுக் கம்பெனியில் நடக்கவில்லையா?" நடக்கிறது, அதனால்? "தோற்றவன் வயிற்றெரிச்சல்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஆமாம் சார், எரிகிறது. தோற்றவன் பேசாமல் வேறு யார் பேசுவது, ராக்கெட் விட்டவர்களா? அந்த முப்பது பேரில் ஒருவர்கூட மே மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசியதில்லை.

அந்தப் பையன் ராத்திரி இன்பாக்ஸில் வந்தான். காசைப் பற்றிக் கேட்பான் என்று நினைத்தேன். "அண்ணா, மன்னிப்புக் கேட்டா திரும்பச் சேர்த்துப்பாங்களா?" என்கிறான்.