ஏணிச் சண்டை கால்கரியில் பிறந்தது
தொழில்முறை மல்யுத்தத்தில், ரிங்குக்கு மேலே தொங்கும் பரிசை ஏணியில் ஏறி எடுப்பவர் வெல்வதுதான் ஏணிச் சண்டை. 1994-ல் டபிள்யூ.டபிள்யூ.எஃப் என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தின் ரெஸில்மேனியா 10 நிகழ்ச்சியில் ரேசர் ராமோனும் ஷான் மைக்கேல்ஸும் மோதியதுதான் முதல் ஏணிச் சண்டை என்று ஒரு கட்டுரை சொல்வது தவறு. கனடாவின் கால்கரியில் ஸ்டூ ஹார்ட் நடத்திய ஸ்டாம்பீட் ரெஸ்லிங் என்ற மல்யுத்த நிறுவனத்தில் 1972-லேயே டான் க்ரோஃபாட்டும் டோர் கமாட்டாவும் ஏணி வைத்து மோதிவிட்டார்கள். மேலே தொங்கியது சாம்பியன் பட்ட பெல்ட் அல்ல, பணக்கட்டு. ஏணிச் சண்டையை டபிள்யூ.டபிள்யூ.எஃப்-க்குக் கொண்டுபோனவர் ஸ்டூவின் மகன் பிரெட் ஹார்ட். 1992 ஜூலையில், மெய்ன் மாநில போர்ட்லாந்தில், இதே மைக்கேல்ஸோடு இன்டர்கான்டினென்டல் பெல்ட்டுக்காக மோதிக் காட்டினார். நேரடி ஒளிபரப்பு இல்லாமல் வீடியோ கேசட்டில் வந்ததால் பலர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் 'ஏணி ஆடுவதெல்லாம் நடிப்பு' என்கிறார். முழுக்க அப்படி இல்லை. ரிங்கின் தளம் பலகை, அதன்மேல் மெத்தை, கான்வாஸ்; விழுபவருக்கு அடி குறைய வேண்டும் என்பதற்காக வளைந்து கொடுக்கும்படி அமைப்பது. வளைவு அதிகம் நடுவில்தான், பெல்ட் தொங்குவதும் அங்கேதான். பக்கத்தில் ஒருவர் விழுந்தாலே ஏணியின் நாலு கால்களும் நாலு விதமாக நிற்கும். அதுவும் ஒரு பக்கம் மட்டுமே படியுள்ள மடக்கு ஏணி என்றால், எதிராளி பின்பக்கக் குறுக்குக் கம்பியில் கால் வைக்க வேண்டும். அது ஆள் ஏறுவதற்காகச் செய்ததே அல்ல.