கடைசி வரிசைக்குத் தண்ணி ஏன் போகலை?

போன மாசம் ஒரு தம்பி வேலை கேட்டு வந்தான். ப்ளஸ் டூ-வில் தொழிற்பிரிவான வேளாண் அறிவியல், நல்ல மார்க். தோட்டங்களுக்குச் சொட்டுநீர் போட்டுக் கொடுப்பது என் தொழில். அன்றைக்கே ஈரோடு பக்கம் ஒரு மஞ்சக்காட்டுக்குக் கூட்டிப்போனேன்.

கடைசி வரிசைகளில் சொட்டு விழவில்லை. தம்பி உட்கார்ந்து ஒவ்வொரு துளையாகத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தான். நான் அவனை வடிகட்டிப் பக்கம் அழைத்து அழுத்தமானியைக் காட்டினேன். வடிகட்டிக்கு முன்னால் ஒன்றரை கிலோ அழுத்தம், பின்னால் அரைக் கிலோதான். சல்லடையைக் கழற்றினால் முழுக்கப் பாசி. கழுவி மாட்டிய பத்தாவது நிமிடம் கடைசி வரிசை நனைந்தது.

"அழுத்தம் பத்தாவதுலயே படிச்சேங்ணா. அது இங்க வரும்னு தெரியலீங்ணா" என்றான்.

அந்த ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை.

அடுத்து ஒரு கணக்குப் போடச் சொன்னேன். ஒரு ஏக்கர், அதாவது சுமார் 4,000 சதுர மீட்டர். குழாய்க்குக் குழாய் ஒன்றரை மீட்டர், சொட்டுக்குச் சொட்டு 60 செ.மீ., ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர். கூட்டிப் பார்த்தால் மணிக்கு ஏறக்குறைய 18,000 லிட்டர் வேண்டும். அந்தத் தோட்டத்து போர்வெல் கொடுப்பதோ 6,000. காட்டை மூன்றாகப் பிரித்து மூன்று வால்வு வைத்து, மாற்றி மாற்றித் திறந்தால்தான் வேலைக்கு ஆகும். எட்டாம் வகுப்புப் பெருக்கல் வகுத்தல்தான் இது. வயலில் போட்டுப் பழகாததால் பையன் திகைத்து நிற்கிறான்.

துளையில் வெள்ளையாக உப்பு படிந்தால் அமிலம் விட வேண்டும். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றலாம், தண்ணீரை அமிலத்தில் ஊற்றவே கூடாது. அது வேதியியல். சொட்டுநீர் போட அரசு சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம் தருகிறது, மற்றவர்களுக்கு 75. அதை வாங்கித் தர சிட்டா, அடங்கல் என்ற நில ஆவணங்களைப் படிக்கத் தெரிய வேண்டும். எங்கள் தொழிலில் பாதி நாள் இந்தக் காகிதத்தில்தான் போகிறது.

தமிழ்நாட்டில் 1978-ல் மேல்நிலை வகுப்பு வந்தபோதே தொழிற்பிரிவும் சேர்ந்து வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் நான் படித்த காலத்தில் மார்க் குறைந்தவனைத் தள்ளிவிடுகிற இடமாக அதை ஆக்கிவிட்டார்கள். இன்றும் பல ஊர்களில் பெற்றோர் அப்படித்தான் பார்க்கிறார்கள். பயிரும் மோட்டாரும் கணக்கும் சட்டமும் தெரிந்தால்தான் இந்தத் தொழிலில் நிற்கவே முடியும். இதைக் குறைந்த படிப்பு என்று சொல்ல யாருக்கு மனசு வருகிறது?

ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. கணக்கு வாத்தியாரும் வேளாண் வாத்தியாரும் மாசத்தில் ஒரு நாளாவது சேர்ந்து ஒரே வயலில் நிற்க வழி செய்யுங்கள் என்கிறேன். செய்முறைத் தேர்வில் இலை ஒட்டிய ரெக்கார்டு நோட்டோடு நிறுத்தாதீர்கள். ஒரு காடு, ஒரு போர்வெல், ஒரு மண் பரிசோதனை அட்டை மூன்றையும் மாணவன் கையில் கொடுங்கள். தண்ணீருக்கும் உரத்துக்கும் செலவுக்கும் அவனே திட்டம் போட்டு, அந்த விவசாயி முன்னால் நின்று விளக்கட்டும். மார்க்கை அதற்குப் போடுங்கள்.