விழுந்தது வயசால் அல்ல

எங்கள் பக்கத்து வயதான அண்ணாச்சி ஒருவர் எலக்ட்ரிக் ஸ்கூட்டரோடு விழுவதைச் சிரிப்புப் பாட்டுப் போட்டுச் சுற்றவிட்ட அந்த வீடியோவை இனிமேல் எனக்கு யாரும் அனுப்ப வேண்டாம். திங்கட்கிழமையிலிருந்து பதினொரு பேர் அனுப்பிவிட்டார்கள். என்னிடம் படித்த பிள்ளைகள், கூட வேலை பார்த்தவர்கள், சொந்தக்காரர்கள். கீழே "டீச்சர், கவனம்" என்று ஒரு வரி. அக்கறையில்தான் அனுப்புகிறார்கள், தெரியும். ஆனால் என் தம்பி மகன் குடும்பக் குரூப்பில் எழுதியதை அக்கறை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. "அறுபது தாண்டினவங்ககிட்ட இருந்து முதல்ல சாவிய வாங்கி வைங்க" என்று எழுதியிருந்தான். ஒன்பது பேர் கைதட்டியிருந்தார்கள். அந்த ஒன்பதில் ஒன்று என் மகள்.

எனக்கு 66 வயது. இரண்டு வருடமாக எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். அந்த அண்ணாச்சி விழுந்தது வயசால் அல்ல. பழக்கிவிடாமல் வண்டியைக் கையில் கொடுத்ததால் விழுந்தார்.

அந்த வீடியோவை நான் நிறுத்தி நிறுத்தி ஆறு தடவை பார்த்தேன். நீங்களும் சிரிப்புப் பாட்டை அணைத்துவிட்டு ஒரு தடவை பாருங்கள். மீன் பையைக் கால் வைக்கும் இடத்தில் வைக்கிறார். ஸ்டாண்டை எடுக்கிறார். இடது கையால் சாரத்தை (லுங்கியை) மடித்துக் கட்டப் பார்க்கிறார். வலது கை கைப்பிடியில் இருக்கிறது. வண்டி ஏற்கெனவே ஆனில் இருக்கிறது, அது அவருக்குத் தெரியாது. வண்டி சாயாமல் இருக்க வலது கையை இறுக்குகிறார். அவ்வளவுதான், வண்டி பாய்கிறது.

பெட்ரோல் வண்டி ஓடிக்கொண்டிருந்தால் காதுக்குக் கேட்கும், கைக்கு அதிர்வு தெரியும். இதில் இரண்டும் கிடையாது. இன்னொன்றும் இருக்கிறது. காலமெல்லாம் கியர் பைக் ஓட்டியவருக்கு நியூட்ரலில் கைப்பிடியைத் திருகினால் சத்தம் மட்டும்தான் வரும், வண்டி நகராது. அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிக் கிடக்கும். மின்சார மோட்டாருக்கோ நின்ற இடத்திலேயே முழு இழுவை உண்டு. திருகிய நொடியில் கிளம்பிவிடும். 25 வயதுப் பையனும் முதல் வாரத்தில் இதே தப்பைச் செய்வான். அவன் கை ஊன்றி எழுந்து போய்விடுவான், அதை யாரும் வீடியோ எடுக்க மாட்டார்கள்.

ஏறும்போதும் இறங்கும்போதும் பிரேக்கைப் பிடித்துக்கொள். பெரும்பாலான வண்டிகளில் பிரேக் பிடித்திருந்தால் மோட்டாருக்குக் கரண்ட் போகாது. இறங்குவதற்கு முன்னால் சாவியை அணை. இதை அவருக்குச் சொல்லிக்கொடுக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்குமா? யாரும் சொல்லவில்லை. மகன் வெளியூரில் இருந்தே பணம் கட்டினான், வண்டி வீட்டு வாசலில் வந்து இறங்கியது, அப்பாவுக்குப் பரிசு கொடுத்த மாதிரி ஆயிற்று.

என் வண்டி வாங்கிய கதையைச் சொல்கிறேன். மகள் லீவில் வந்திருந்தபோது இரண்டு பேரும் நாகர்கோவிலில் ஒரு கடைக்குப் போனோம். அந்தப் பையன் என் முகத்தையே பார்க்கவில்லை, மகளிடமே பேசினான். பெரிய ஸ்கிரீன் இருக்கிறது, போனை இணைக்கலாம், வழி காட்டும், பாட்டுக் கேட்கலாம். எனக்கு என்றதும் "அம்மாவுக்குன்னா ஸ்பீடு கம்மியா ஒண்ணு இருக்கு, லைசென்ஸே வேண்டாம்" என்றான். "மக்கா, எனக்கு லைசென்ஸ் இருக்கு. அந்த வண்டிய சென்டர் ஸ்டாண்டு போட்டுக் காட்டு" என்றேன். ஒரே மிதியில் போட்டான். "இப்ப நான் போட்டுப் பாக்கட்டும்" என்றதும்தான் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் மிதித்தேன், வண்டி அசையவில்லை. இந்த ஸ்கூட்டர்கள் அநேகமாக நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். இரண்டாவது வண்டியில் உட்கார்ந்தால் கால் விரல் மட்டும்தான் தரையைத் தொட்டது. மூன்றாவது கடையில், மூன்றாவது வண்டியில், இரண்டு பாதமும் முழுசாகப் பதிந்தது. அதில் பின்னால் எடுக்கும் வசதியும் இருந்தது. எங்கள் புரையிடம், அதாவது வீட்டு மனை, ரோட்டிலிருந்து சரிவில் இறங்கும். வண்டியைப் பின்னால் தள்ளி ஏற்ற என் முழங்கால் இடம் கொடுக்காது. அன்றைக்கே அதை முடிவு செய்தேன்.

எந்தக் கம்பெனி என்று இன்பாக்ஸில் கேட்கிறவர்களுக்கும் இதுதான் பதில். கால் தரையில் பதிகிறதா பாருங்கள். ஸ்டாண்டு உங்களால் போட முடிகிறதா பாருங்கள். கழுத்துத் திரும்பாதவர்கள் கண்ணாடி எவ்வளவு பெரியது என்று பாருங்கள். சக்கரம் சின்னதாக இருந்தால் நம் ரோட்டுப் பள்ளம் முதுகெலும்பில்தான் தெரியும். ஸ்கிரீனைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

லைசென்ஸ் வேண்டாத வண்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்பா அம்மாவுக்கு என்று பிள்ளைகள் அதைத்தான் தேடி வாங்குகிறார்கள். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் சட்டப்படி அது மோட்டார் வாகனமே இல்லை. பதிவும் வேண்டாம். சரி, எங்கள் குமரி மாவட்டத்தில் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் வயல் நடுவே சமமான ரோட்டில் அது போதும். கல்குளம், விளவங்கோடு பக்கம் வந்து பாருங்கள். ஒரு ஏற்றம், ஒரு இறக்கம், மறுபடி ஏற்றம். என் மைனி அப்படி ஒரு வண்டியில் திங்கள்சந்தையிலிருந்து பத்துத் தேங்காயும் ஒரு குலை ரசகதலியும் வைத்துக்கொண்டு வந்தாள். பாதி ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிட்டது. காலை ஊன்றினாள், பாரம் பின்னால் இழுத்தது. பின்னால் வந்த டெம்போக்காரர் ஓடிவந்து பிடித்ததால் தப்பித்தாள். அந்த வண்டியில் இருந்தது லெட் ஆசிட் பேட்டரி. இரண்டாம் வருடமே பாதித் தூரம்தான் ஓடியது. இப்போது வண்டி விறகுப் புரையில் நிற்கிறது, மைனி வீட்டில் இருக்கிறாள். "வயசான காலத்துல அவளுக்கு எதுக்கு இது" என்றுதான் அவளைப் பற்றியும் பேசினார்கள். வண்டியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

எலக்ட்ரிக் சைக்கிளிலும் இதே கதைதான். எங்கள் தெருவில் 71 வயதில் ஒரு சார் வைத்திருக்கிறார். மிதித்தால் மோட்டார் கூடக் கைகொடுக்கும், முழங்காலுக்கு நல்ல பயிற்சி. ஆனால் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தது குறுக்கே பார் வைத்த சைக்கிள். வேட்டி கட்டின மனிதர் அந்த பாருக்கு மேல் காலைத் தூக்கிப் போட முடியுமா? பார் இல்லாத மாடலைப் பார்த்திருக்கலாம். அப்புறம், விலை குறைந்த சைக்கிள்களில் பெடல் சுற்றுகிறதா என்று மட்டும்தான் சென்சார் பார்க்கும், சுற்றியதும் திடீரென்று தள்ளும். கொஞ்சம் நல்ல சைக்கிளில் கால் எவ்வளவு அழுத்துகிறதோ அதற்கு ஏற்ற மாதிரி உதவும். அறுபதுக்கு மேல் வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். சார் அந்த பார் வைத்த சைக்கிளைக் கொடுத்து வேறு மாற்றிவிட்டு இப்போது தினமும் காலையில் டீ குடிக்க அதில்தான் போகிறார்.

இப்போது வரிசையாக வருவீர்கள், தெரியும். கண் தெரியாதே, கை வேகம் குறையுமே என்பீர்கள். உண்மை, மறுக்கவில்லை. எனக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. எதிரே வரும் ஹெட்லைட் கூசுகிறது. அதனால் பொழுது சாய்ந்த பிறகு வண்டி எடுப்பதில்லை. பிரஷர் மாத்திரை போட்ட அரை மணி நேரத்துக்கு எடுப்பதில்லை. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போவதில்லை. காற்றாலையைச் சுற்றுகிற காற்று ஸ்கூட்டரையும் தள்ளும். மார்த்தாண்டம் ரோட்டில் பஸ்களுக்கு நடுவே போவதில்லை. இந்தக் கணக்கெல்லாம் நானே போட்டது, எனக்கு யாரும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிட்டார். தலையில் அடிபட்டால் உள்ளே ரத்தம் நிற்காது என்று டாக்டர் சொன்னார். அன்று மாலையே சாவியை மேசை மேல் வைத்தார், அப்புறம் தொடவில்லை. அவரிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை, அவராகவே வைத்தார். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்கு நான் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேளுங்கள். 40 தாண்டினால் லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் சான்று வேண்டும். 55 தாண்டினால் 5 வருடத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிப்பார்கள். இத்தனை வயதுக்கு மேல் ஓட்டக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் எங்கும் இல்லை. 64 வயதில் டாக்டர் என்னைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தம்பி மகனே, உன் கையெழுத்து எனக்கு எதற்கு?

பேட்டரி தீப்பிடிக்கும் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். 2022இல் சில வண்டிகள் எரிந்தது உண்மை. அதற்கப்புறம் பேட்டரிச் சோதனை விதிகளைக் கடுமையாக்கினார்கள். நான் முன் வராந்தாவில், வண்டியோடு வந்த சார்ஜரில், வண்டி சூடு ஆறின பிறகு, பகலில்தான் சார்ஜ் போடுகிறேன். படுக்கை அறையில், மாடிப்படிக்குக் கீழே போடுவதில்லை. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

"ஆட்டோவுல போலாமே" என்கிறவர்களுக்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. காசை நான் பெரிதாகச் சொல்லவில்லை. பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியது எல்லாருக்கும் தெரியும், என் வண்டிக்கு ஒரு தடவை முழு சார்ஜுக்கு மூன்று யூனிட் சுற்றித்தான் ஆகிறது. காசு இல்லை விஷயம். ஆட்டோவில் சந்தைக்குப் போகலாம். ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். மரணம் நடந்த வீட்டுக்குப் போகலாம். சும்மா போக முடியாது. சாயங்காலம் நாலரை மணிக்கு, ஒரு காரணமும் இல்லாமல், முட்டத்தில் போய்ப் பாறையில் உட்கார்ந்து கடலைப் பார்த்துவிட்டு வர யார் ஆட்டோ பிடிப்பார்கள்? வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு மூச்சு விட ஒரு இடம் வேண்டியிருந்தது. அதற்காக ஒரு டிரைவரைக் காத்திருக்க வைத்து, மணி பார்த்துக்கொண்டு உட்கார முடியுமா? மகள் பெங்களூரில் இருந்து தினமும் போன் செய்கிறாள், "எங்கயும் போகாதிங்கம்மா" என்று சொல்லத்தான். அவள் கைதட்டியதைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவளையும் இரண்டு வயதிலிருந்து வண்டியில் முன்னால் நிறுத்திக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன்.

1987இல் நான் டிவிஎஸ் 50 வாங்கினபோது டீக்கடையில் என் காதுபடவே சொன்னார்கள்: "பொம்பள வண்டி எடுத்துட்டு எங்க போப்போறா?" அதற்கு அப்பா ஒன்றும் பதில் பேசவில்லை. பள்ளி மைதானத்தில் இரண்டு வாரம், சாயங்காலம் ஐந்து மணிக்கு, பின் கேரியரைப் பிடித்துக்கொண்டு என் கூடவே ஓடினார். சாரம் காலில் தடுக்கும், கீழே விழாமல் ஓடுவார். "பிரேக்கு, பிள்ளே, பிரேக்கு" என்று அவர் மூச்சிரைக்கக் கத்தினது இப்போதும் என் காதில் இருக்கிறது. வண்டியைப் பிடுங்கி வைப்பது அப்பாவுக்கும் லேசான வேலைதான். அவர் கூட ஓடினார். அன்றைக்கு நான் பெண் என்று சொன்னார்கள், இன்றைக்குக் கிழவி என்கிறார்கள். சொல்லித்தர மட்டும் யாரும் வருவதில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்த அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வளைவு தாண்டித்தான் வீடு. வலது மணிக்கட்டில் கட்டு, படிப்புரையில் உட்கார்ந்திருந்தார். 31 வருடம் பஸ் ஓட்டின மனிதர். மழையில், இந்த வளைவில், இந்த ஏற்றத்தில் நம்மையெல்லாம் ஏற்றிக்கொண்டு போய்ப் பத்திரமாக இறக்கிவிட்டவர். "ஓடிட்டு இருக்குன்னு எனக்குத் தெரியாது டீச்சரே, சத்தம் இல்ல பாத்தியளா" என்றார். இரண்டு தடவை அதையே சொன்னார். வண்டியை விற்றாயிற்றாம், இவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். சாவி மாட்டியிருந்த ஆணி மட்டும் நிலைப்படிப் பக்கத்தில் இருக்கிறது, பேசும்போது அவர் கண் அங்கேதான் போனது. அவர் பேத்தி போனில் அந்த வீடியோவைக் காட்டினாளாம். பாட்டோடு.

தம்பி மகன் இதைப் படிப்பான். படிக்கட்டும்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு எங்கள் பழைய பள்ளிக்கூட மைதானத்துக்கு என் வண்டியைக் கொண்டு வருகிறேன். வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள், வாங்கிவிட்டுப் பயத்தில் மூடி வைத்திருக்கிறவர்கள், அறுபதோ எழுபதோ, வாருங்கள். எந்தப் பள்ளிக்கூடம் என்று தெரியாதவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்குவதை மட்டும் முதல் அரை மணி நேரம் செய்வோம். ஹெல்மெட் கொண்டு வரவேண்டும், செருப்பு வேண்டாம், மாட்டினால் கழலாத ஷூ போட்டு வாருங்கள். என் மைனி வருகிறாள். அண்ணாச்சிக்குக் கட்டுப் பிரிக்க இன்னும் நாலு வாரம் ஆகும். அதுவரை ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார், நாற்காலி ஒன்று நான் கொண்டு போகிறேன்.