ஏக்கம் என்று சொல்லி மூடிவிடாதீர்கள்

முந்தநாள் ஒரு தம்பி செய்த கேம் லைவைப் பார்த்தவர்களுக்கு விசயம் தெரியும். பார்க்காதவர்களுக்கு நான் லிங்க் தரமாட்டேன். மொரோவிண்ட் என்ற பழைய கொம்பியூட்டர் கேமை அரை மணி நேரம்கூட விளையாடவில்லை, செய்டா நீன் என்ற முதல் ஊரையே தாண்டவில்லை, அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. போக வேண்டிய இடத்தைக் காட்டத் தெரியாத கேமாம். இதைத் தூக்கிப் பிடிக்கிற அங்கிள்மாருக்குப் பழைய ஞாபக ஏக்கமாம், வேறொன்றுமில்லையாம். கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. போட்டவர்களில் பாதிப்பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள். சிலர் என் பெயரையும் டேக் பண்ணியிருந்தார்கள்.

பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஏக்கம் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஏக்கம் என்று ஒருவனுக்குப் பெயர் வைத்துவிட்டால் அவன் சொல்வதை அதற்குப் பிறகு யாரும் கேட்க வேண்டியதில்லை. அதுதான் எனக்குச் சுடுகிறது.

2002 மே மாதம் இந்த கேம் வந்தது. இங்கே மட்டக்களப்பில் போர்நிறுத்தம் தொடங்கிச் சில மாதம்தான். எங்கள் வீட்டில் கொம்பியூட்டர் இல்லை. கல்லடியில் மாமா வீட்டில் இருந்தது, மச்சான்தான் விளையாடுவான். கொஞ்ச நாள் கழித்து யாரோ கொழும்பிலிருந்து கொண்டுவந்த சீடி அது. மெசின் இழுத்து இழுத்து ஓடும், கரண்ட் போனால் எல்லாம் போகும். நான் பக்கத்தில் ஸ்டூலில் இருந்து கொப்பியில் எழுதுவேன். யார் என்ன வழி சொன்னார்கள், எந்தப் பாலம், எந்தக் கோட்டை என்று. மறுகா 2004 மார்கழியில் கடல் வந்தது. வீடும் போனது, கொம்பியூட்டரும் போனது. ஆட்கள் தப்பியதே பெரிய காரியம். மச்சான் இப்போது வெளிநாட்டில்.

"பார்த்தீர்களா, இதுதானே ஏக்கம்" என்று இப்போதே யாரோ டைப் பண்ணுவார்கள். இல்லை. ஏக்கம் மச்சான் மேல் இருக்கிறது, அந்த வீட்டின் மேல் இருக்கிறது, கேம் மேல் இல்லை. நான் அப்போது கீபோர்டைத் தொட்டதே இல்லை. திரையில் பார்த்ததும் முக்கால்வாசி பனிப்புகார்தான், கொஞ்சத் தூரத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. நானாக விளையாடியது இப்போதுதான், இந்த கேமை இன்றைய கொம்பியூட்டரில் ஓடவைக்கிற ஓபன்எம்டபிள்யூ என்ற மென்பொருளில். முடி நரைக்கத் தொடங்கிய வயதில் ஒரு கேமை முதல்தரம் விளையாடிப் பிடித்துப்போனவனுக்கு எங்கிருந்து ஏக்கம் வரும்?

சரி, கேமுக்கு வருகிறேன். தொடக்கத்திலேயே உங்கள் கையில் ஒரு பொதியைத் தந்து, பல்மோராவில் கேயஸ் கொசாடிஸ் என்பவரிடம் கொடு என்கிறார்கள். வழி காகிதத்தில் எழுதியிருக்கிறது. அம்புக்குறி கிடையாது. கேயஸ் உங்களை ஹஸ்ஃபாட் அன்டபோலிஸிடம் அனுப்புவார். அவர், ஆர்க்ங்தாண்ட் என்ற இடிபாட்டில், ட்வெமர் என்ற மறைந்துபோன இனம் கட்டியது அது, ஒரு புதிர்ப் பெட்டி இருக்கிறது, எடுத்து வா என்பார். மூன்மோத் கோட்டையைக் கடந்து, எரிமலைக் குழம்பு ஓடிய பள்ளத்துக்கு மேலே இருக்கிற பழைய ட்வெமர் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். போனால் கதவு பூட்டிக் கிடக்கும். வெளியே ஒரு குழாயில் இருக்கிற சுழற்றியைத் திருப்பினால்தான் திறக்கும். உள்ளே அந்தப் பெட்டி ஒரு தட்டில் சும்மா இருக்கும், மின்னாது, ஒளிராது. இருபது வருடத்துக்கு மேலாக ஆட்கள் அதைத் தேடி அலைகிறார்கள்.

நானும் அலைந்தேன். அந்த அலைச்சலில்தான் பாலம் எனக்குப் பாலமாகத் தெரிந்தது. எந்த மேட்டில் நின்றால் கோட்டை தெரியும், புழுதிப்புயல் அடித்தால் எந்தப் பாறைக்குப் பின்னால் ஒதுங்கலாம் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். இதே வரிசையில் பிறகு வந்த ஸ்கைரிமும் விளையாடியிருக்கிறேன், நல்ல கேம். ஆனால் அதில் எந்தக் குகைக்கு எந்தப் பக்கத்தால் போனேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் பார்த்தது மேலே இருக்கிற திசைகாட்டியை மட்டும். "வழிகாட்டுகிற மார்க்கரை நிறுத்திவிட்டு விளையாடலாமே" என்பவர்களுக்கு: நிறுத்திப் பாருங்கள். அங்கே ஆட்கள் பெரும்பாலும் வழியே சொல்வதில்லை, ஏனென்றால் அம்பு இருக்கிறது. அம்பை எடுத்தால் ஒன்றும் மிஞ்சாது.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சொந்தம் உள்ளவர்களுக்கு இதை நான் விளக்கவே தேவையில்லை. மண்முனையில் பாலம் வரமுதல் பாதைப் படகில் ஏறி வாவியைக் கடந்து, கரையில் நிற்கிற யாரிடமாவது கேட்டுத்தான் ஊருக்குள் போவோம். "குளக்கட்டால போய், ஆலமரத்தடியில கிறுகு" என்பார்கள். அப்படிக் கேட்டுப் போன ஊர் மறக்குமா?

வாளை வீசினால் படாது என்று சிரித்தீர்கள். அது உங்கள் திறனையும் களைப்பையும் வைத்துக் கணக்குப் பார்க்கிற கேம். ஓடிக் களைத்து நின்று, பழகாத ஆயுதத்தை வீசினால் படாதுதான். பழகினால் படும். சில இடங்களில் ஆட்கள் சொல்கிற வழியே பிழை என்கிறீர்கள். உண்மை, பிழைதான். அதற்கு என்ன? பறந்து வந்து கொத்துகிற கிளிஃப் ரேசர்களின் தொல்லை பற்றி நான் பேசவே மாட்டேன்.

"நீங்களும் இணையத்தில் வழி பார்த்துத்தானே விளையாடினீர்கள்" என்று ஒருவர் கேட்டிருந்தார். இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். மச்சான் விளையாடி நான் கொப்பியில் எழுதிய காலத்தில் இணையம் எங்கே இருந்தது? நகரத்துக் கொமியூனிகேஷன் கடையில் மணிக்கணக்குக்குக் காசு கட்டிப் பார்ப்போம். அந்தக் காசில் கேமுக்கு வழி தேடுகிற நிலையில் எங்கள் வீடுகள் இருக்கவில்லை. கொப்பிதான் இருந்தது. எங்களிடம் என்ன இருந்தது, என்ன இருக்கவில்லை என்று தெரியாமல் எங்களைப் பற்றி முடிவு சொல்கிறீர்கள். அதை யாராவது வந்து கேட்டிருக்கிறீர்களா?

இன்னொன்று. ஊரில் எதைச் சொன்னாலும் இப்போது இதே பதில்தான். வாவி எப்படி இருந்தது என்றாலும், அந்த வருடங்களில் என்ன நடந்தது என்றாலும், "அங்கிள் பழைய கதை". கேம் பற்றி எழுதவந்தவன் எங்கேயோ போகிறான் என்று நினைப்பீர்கள். கேமுக்குள்ளேயே இதுதான் இருக்கிறது. நெரெவர் என்ற தலைவன் செம்மலையில் எப்படி இறந்தான்? கோயில்காரர்கள் ஒன்று சொல்கிறார்கள். சாம்பல்வெளி மக்கள், அவனைக் கூட இருந்தவர்களே கொன்றார்கள் என்கிறார்கள். கடைசியில், அப்படிக் கூட இருந்தவர்களில் ஒருவரான விவெக்கையே நேரில் சந்திக்கிறீர்கள், அவரும் தன் பக்கத்தைத்தான் சொல்கிறார். இதுதான் உண்மை என்று கேம் எந்த இடத்திலும் குறிபோட்டுக் காட்டாது. வாசித்து, கேட்டு, நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஒரே சம்பவத்தை வாவிக்கு இந்தப் பக்கம் ஒரு விதமாயும் அந்தப் பக்கம் வேறு விதமாயும், பக்கத்து ஊரில் மூன்றாவது விதமாயும் கேட்டு வளர்ந்தவன் நான். இந்தக் கதைகளைச் சொல்கிற புத்தகங்களை கேமுக்குள் வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. இதையும் ஏக்கம் என்பீர்களா?

முக்கியமான ஒருவரைக் கொன்றுவிட்டால்கூட இந்த கேம் உங்களைத் தடுக்காது. விதியின் இழை அறுந்துவிட்டது, சேவ் பண்ணிய இடத்துக்குத் திரும்பு, அல்லது நீ கெடுத்த உலகத்திலேயே இரு என்று சொல்லிவிட்டு விட்டுவிடும். விளையாடுகிறவனை அவ்வளவு பெரிய மனிதனாக மதிக்கிற கேம் எனக்கு வேறு அதிகம் தெரியாது.

2025இல் இதே வரிசையில் அடுத்து வந்த ஒப்லிவியனைப் புது மெருகோடு திரும்ப வெளியிட்டார்கள், எல்லாரும் கொண்டாடினீர்கள். அது 2006இல் வந்த கேம். அதைக் கொண்டாடினால் ரசனை, நாலு வருடம் மூத்ததைச் சொன்னால் ஏக்கமா?

எனக்கு அந்தத் தம்பிமேல் கோபம் இல்லை. சிரித்தவர்கள் மேல்தான் வருத்தம். மூன்று பேர் நேற்று இன்பொக்ஸில் வந்து எப்படிப் போடுவது என்று கேட்டார்கள், அவர்களுக்காக: ஓபன்எம்டபிள்யூ இலவசம், சாதாரண லப்டொப்பிலும் ஓடும், தூரமும் தெளிவாகத் தெரியும். ஆனால் மூல கேமின் கோப்புகள் வேண்டும், அதை வாங்குங்கள், தள்ளுபடியில் மலிவாக வரும். போடத் தெரியாவிட்டால் லப்டொப்பைக் கொண்டுவாருங்கள், ஞாயிறு பின்னேரம் வீட்டில்தான் இருப்பேன். ஒரு கொப்பியும் கொண்டுவாருங்கள்.