பூச்சி அரித்தால் விஷமில்லையா?
காட்டுக் காளான் பற்றிய ஒரு கட்டுரையில் ‘பூச்சி அரித்த காளான் விஷமில்லை’ என்று இருப்பதை நம்ப வேண்டாம். ஆளைக் கொல்லும் காளானையும் நத்தை ருசித்துத் தின்னும். ஏற்காடு காப்பித் தோட்டங்களில் மழைக்குப் பின் முளைப்பதை அடையாளம் காண, ஸ்போர் தூளின் (காளான் விதைபோல் உதிர்க்கும் நுண்தூள்) நிறத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காம்பை நறுக்கி, மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளில் குடையை வைத்து, டம்ளரால் மூடி 6 முதல் 12 மணி நேரம் விடுங்கள். விரியாத மொட்டு தூள் உதிர்க்காது. காய்ந்திருந்தால் குடை மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடலாம். கரையான் புற்றில் முளைக்கும், சாப்பிடக்கூடிய புற்றுக்காளானுக்கு இளஞ்சிவப்பு, புல்தரையில் வெள்ளைக் குடையாக வரும் குளோரோஃபில்லத்துக்கு மங்கின பச்சை, தின்றால் வாந்திபேதிதான். இளஞ்சிவப்பு விழுந்ததுமே அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள், என்டோலோமா விஷ இனங்களுக்கும் அதே நிறம். அதனால்தான் பிடுங்காமல் கத்தியால் தோண்ட வேண்டும்: புற்றுக்காளானின் காம்பு வேர் மாதிரி புற்றுக்குள் நீளும், ஆளைக் கொல்லும் இனங்கள் உள்ள அமானிட்டா என்றால் அடியில் கிண்ணம் போன்ற உறை இருக்கும். பிடுங்கினால் இரண்டுமே மண்ணுக்குள் போச்சு.